உரல்மடுவில் ஏழு பேர்

12 ஜூன் 2025, வியாழன்

காலையில் இரண்டு சோலார் பம்ப் புகார். இரண்டிலும் பேனல் மேல் தூசி, வேறொன்றும் இல்லை. துடைத்தால் ஓடுகிறது. துடைப்பதற்கு ஒரு இன்ஜினியர் கச்சிராயபாளையத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். கரும்புக்காரரிடம் நேராகவே சொன்னேன், "அடுத்த தடவ ஒரு துணி எடுத்து தொடச்சிட்டு அப்பறமா போன் பண்ணுங்க." முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

சாயங்காலம் களஞ்சியத்தில் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் எழுதத்தான் செய்கிறார்கள். நம் மாவட்டக் கட்டுரைகளுக்குக் காவல் நான். சம்பளம் கிடையாது. இன்று நீக்கியவை: ஐயாயிரம் ஆண்டு பழமையான ஒரு கோயில், மக்கள் மனங்களில் வாழும் ஓர் ஊராட்சித் தலைவர், சகல நோயும் தீர்க்கும் ஒரு கிணறு. எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு போட்டேன்: "சான்று இல்லை. உங்களுக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது." இந்த வாசகம் நானே எழுதியது. எனக்குப் பிடிக்கும்.

பிறகு வேடியப்பன் போன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். மலையில், கரியாலூரிலிருந்து உள்ளே தள்ளி, கூடலம்பட்டில் இருக்கிறான்.

"மச்சான், ஊரப் பத்திலாம் நெட்டுல எழுதிக்கினு இருக்கறது நீதான? எங்க அருவியப் பத்தி தப்பா போட்டிருக்கானுங்கடா. எடுத்துடு."

எடுத்துடு என்றால் எடுத்துவிட இதென்ன வீட்டு ஒட்டடையா? பார்க்கிறேன் என்றேன்.

13 ஜூன்

பார்த்தேன். உரல்மடு அருவி. நாலு வரிக் கட்டுரை. மூன்றாவது வரி: "மடுவில் சுழல் இருப்பதால் இதுவரை ஏழு பேர் உயிரிழந்துள்ளனர்." பக்கத்தில் மேற்கோள் எண். தொட்டுப் பார்த்தால் நாளிதழின் பெயர், தேதி, தலைப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கோடை விடுமுறை எச்சரிக்கைச் செய்தி. கட்டுரையில் சான்று உள்ள ஒரே வரி இதுதான்!

வேடியப்பனிடம் சொன்னேன்.

"யாருடா செத்தது? பேரு சொல்லச் சொல்லு பாக்கலாம்."

"பேப்பர்ல வந்திருக்குடா. பேப்பர்ல வந்தத நான் எடுக்க முடியாது."

"அப்ப எங்கம்மா கடைய நீயே வந்து இழுத்து மூடிடு." வைத்துவிட்டான்.

அவன் அம்மா பூமாலை தை மாதம் அருவிக்குப் போகும் வழியில் கடை போட்டார். டீ, மீன் வறுவல், மலை வாழைப்பழம். சேலம் வண்டி, பாண்டிச்சேரி வண்டி எல்லாம் கரியாலூர் வரை வருகிறதாம். அங்கே நின்று போனில் தேடுகிறார்களாம். தேடினால் முதலில் வருவது அந்த ஏழு பேர். வண்டி வேறு அருவிப் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தக் கடையைத்தான் இப்போது அவனும் அம்மாவும் நம்பியிருக்கிறார்கள். விஷயம் புரிகிறது. ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது என்பது ஒரு வரியை நீக்கக் காரணம் ஆகாது.

15 ஜூன், ஞாயிறு

இருந்தாலும் மலைக்குப் போனேன். ஏன் போனேன்? பார்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மடு உண்மையிலேயே உரல் மாதிரிதான் இருக்கிறது. பாறையில் குடைந்த வட்டம். கரையில் வரிசையாக மஞ்சள் பூசிய கற்கள். காய்ந்த கிளை ஒன்றை உடைத்துப் போட்டேன். மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஓரமாகக் கீழே ஓடைக்குள் இறங்கி மிதந்து போய்விட்டது. அப்புறம் நானும் வேடியப்பனும் இறங்கினோம். கழுத்தளவு. சுழலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் தங்கை அருள்மொழி துணி வாளியோடு வந்தவள், நாங்கள் தண்ணீரில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனாள்.

ஆக, சோதனை செய்தாயிற்று. செய்தது நான். அதனாலேயே அது சான்று இல்லை.

பூமாலை அம்மா டீ கொடுத்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

"ஏழு பேரு செத்துட்டாங்களாமே தம்பி. எனக்குத் தெரியாம எந்த வூட்டுச் சாவு அது? ஒரு மாலகூட போடாம இருந்துட்டனேன்னு மனசு கெடந்து அடிச்சிக்குது."

"அப்படி இல்லம்மா, அதை எடுக்கணும்னா ஆதாரம் வேணும்."

"செத்தவனுக்குத்தான் சர்டிபிகேட் கேப்பாங்க. சாவாதவனுக்குமா கேக்கறீங்க?"

வேடியப்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியானது.

16 ஜூன்

வரியை நீக்கினேன். காரணம் என்ற இடத்தில் "நேரில் விசாரித்ததில் தவறு எனத் தெரிகிறது" என்று எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. திரும்ப வைத்தது மணிமொழி. களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவர். நேரில் பார்த்ததில்லை, எந்த ஊர் என்றும் தெரியாது. உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார்:

"வணக்கம். சான்றுள்ள தகவலை நீக்கியுள்ளீர்கள். நேரில் விசாரிப்பது சொந்த ஆய்வு. தாங்கள் பிறருக்கு எழுதுவதையே நினைவூட்டுகிறேன்: உங்களுக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது. நன்றி."

அந்த நன்றிதான் எரிகிறது.

17 ஜூன்

நடக்காத ஒன்று நடக்கவில்லை என்று எந்தப் பேப்பர் போடும்? "நேற்றும் உரல்மடுவில் எவரும் சாகவில்லை" என்று தினமும் ஒரு பெட்டிச் செய்தியா?

21 ஜூன், சனி

செய்தியை எழுதிய நிருபரைக் கண்டுபிடித்துவிட்டேன். அய்யப்பன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நிருபர் வேலை பகுதி நேரம். ஒரு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே பேசினார்.

"உரல்மடுவா? ஆமாங்க, லீவு டைம்ல ஒண்ணு போட்டேன். ஏழு பேரு."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"நெட்டுலதாங்க. களஞ்சியம்னு ஒண்ணு இருக்குதே. அதுல எல்லாம் கரெக்ட்டா இருக்கும்."

சொன்னேன், "அந்தக் களஞ்சியத்துல உங்க செய்தியைத்தான் சான்றா போட்டிருக்காங்க."

"அப்படிங்களா? எம்பேரு வருதா?" சந்தோஷம் தாங்கவில்லை மனிதருக்கு.

மறுப்பு போடச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "ஏழு பேரு சாவலன்னு எழுதி அனுப்பினா, ஆபீஸ்ல அப்ப எத்தினி பேருதான் செத்தாங்கன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? பழசாச்சு, வுட்டுடுங்க." கிளம்பும்போது, அவர் பெயர் வரும் அந்தப் பக்கத்தை அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

22 ஜூன்

கட்டுரையின் வரலாற்றை முழுக்கத் தோண்டினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

2017 ஆகஸ்டில் ஒரு புதுக் கணக்கு அந்த வரியைச் சேர்த்திருக்கிறது. சான்று எதுவும் இல்லை. அந்தக் கணக்கு வேறு எதையும் எப்போதும் எழுதவில்லை. பிறகு யாரோ "சான்று தேவை" என்று ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு கோடை கழித்து அய்யப்பன் அதைப் பார்த்துச் செய்தி எழுதியிருக்கிறார். அடுத்த மாதமே அந்தச் செய்தியைச் சான்றாகச் சேர்த்து, "சான்று தேவை"யை எடுத்துவிட்டிருக்கிறார் ஒருவர். யார் என்று பார்த்தால், மணிமொழி!

இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஒயரை அதே இன்வெர்ட்டருக்குள் சொருகிவிட்டு, கரண்ட் வருகிறது பார் என்கிறார்கள். நம் தொழிலில் இப்படிச் செய்தால் புகை வரும். இங்கே மேற்கோள் எண் வருகிறது.

தேதிகளை வரிசையாக அடுக்கி, உரையாடல் பக்கத்தில் மணிமொழிக்கு எழுதினேன். கடைசியில் நன்றி போட்டேன்.

24 ஜூன்

பதில் இல்லை.

29 ஜூன், ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

கண்டுபிடித்ததைச் சொல்ல வேடியப்பன் வீட்டுக்குப் போனேன். கெத்தாகத்தான் போனேன். பூமாலை அம்மா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "ஆக மொத்தம், எட்டு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒரு வெட்டிப்பய வேலை இல்லாம எழுதினது, அவ்வளவுதான்" என்றேன்.

உள்ளே இருந்து அருள்மொழி குரல் வந்தது. "வெட்டிப்பய இல்லண்ணா. நான்தான்."

அவள் வாசலில் வந்து நின்றாள். இப்போது சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறாள். அன்று பிளஸ் டூ. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் எழுதினாளாம்.

"எதுக்குடி?" என்றார் பூமாலை.

"எதுக்கா? மேல பாறை மேல குந்திக்கினு குடிச்சிட்டு, நாங்க குளிக்கறத போன்ல புடிச்சானுங்களே, மறந்துட்டியா? யாராண்ட சொன்னோம்? எல்லாராண்டயும் சொன்னோம். எவன் கேட்டான்? அவனுங்க சாவுக்குத்தான் பயப்படுவானுங்கன்னு தோணுச்சு. எழுதினேன். அடுத்த வருஷத்துலேர்ந்து வண்டி கொறைஞ்சி போச்சு."

"உன்னாலதான்டி அம்மா கடையில ஈ ஓட்டிக்கினு இருக்குது" என்று வேடியப்பன் எழுந்தான்.

"அம்மா மீனு விக்கணும்னா, நான் குளிக்கறத எவனோ பாத்துக்கினு இருக்கணுமா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். பூமாலை அம்மா கையில் இருந்த சட்டுவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை. "அதென்ன ஏழு?" என்று கேட்டேன். முட்டாள் கேள்வி.

"கரையில கன்னிமாரு கல்லு ஏழு இருக்குதே. அதான் கண்ணு முன்னாடி வந்துச்சு." அப்புறம், "எடுத்துடுவீங்களாண்ணா?"

"பொய்தானேம்மா அது."

"பொய்தான். எங்களுக்குத் தெரியாதா? ஆனா இத்தினி வருஷம் எங்களுக்குக் காவலுக்கு நின்னது அது ஒண்ணுதான்."

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

30 ஜூன்

தவறான தகவல் நீக்கப்பட வேண்டும். இதில் குழப்பம் என்ன? ஒன்றும் இல்லை.

இல்லையா?

எடுத்தா அந்தப் பொண்ணு எங்க போய்க் குளிக்கும். எடுக்கலன்னா அந்தம்மா கடைய எங்க கொண்டுபோய் வைக்கும். ரெண்டும் ஒரே வூடு. நடுவுல நான் யாரு? தூசி தொடைக்கச் சொல்லிட்டு வர்றவன். இதுல எந்தப் பேனல தொடைக்கறது?

விதிப் பக்கத்தை முழுவதும் படித்தேன். எது நம்பத்தக்க சான்று என்று நீளமாக இருக்கிறது. ஒரு பொய் நல்லது செய்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

2 ஜூலை

"வரி அப்படியே இருக்கட்டும், நான் எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று மணிமொழிக்குத் தட்டினேன். என்ன காரணம் சொல்வது? அழித்தேன். திரும்பத் தட்டினேன். அழித்தேன்.

5 ஜூலை

நான் முடிவெடுக்கவில்லை. மணிமொழி எடுத்துவிட்டார். வரி போய்விட்டது. கீழே அவர் குறிப்பு:

"தாங்கள் சுட்டியது சரி. கட்டுரை தன்னையே சான்றாகக் காட்டியுள்ளது. கவனியாமல் சேர்த்த பிழை என்னுடையது. அன்று அந்த வரியைப் படித்தபோது ஏழு குடும்பங்களை நினைத்து வருந்தியது நினைவிருக்கிறது. அப்படி யாரும் இல்லை என்று அறிவதில் மகிழ்ச்சி. நன்றி."

மனுஷிதான் போலிருக்கிறது.

மாற்றத்தைத் திருப்பிவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தொடங்கி வைத்தது. நான் சொன்னது எல்லாம் சரி. சரியாக இருந்தால் ஏன் இப்படி இருக்கிறது?

அழுத்தவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

வேடியப்பன் போட்டோ அனுப்பியிருக்கிறான். கடை முன்னால் வேன், கார், பைக். "மச்சான் நீ தெய்வம்டா. மீனு பத்தல."

தேடிப் பார்த்தேன். உரல்மடு வீடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்று பாறை மேலிருந்து எடுத்தது. ஐந்தாறு பையன்கள் குதிக்கிறார்கள், பாட்டு ஓடுகிறது. கரை ஓரத்தில் ஒரு வாளி. வாளியில் துணி. பக்கத்தில் ஆள் இல்லை.

போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அருள்மொழியோ, வேறு யாரோ.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

நேற்று அருள்மொழியிடமிருந்து ஒரே வரி வந்தது: "நாளைக்கு வாங்கண்ணா." திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மடுவுக்கு இறங்கும் பாதையில் இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் சேலைகளை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் அதற்குப் பின்னால் நின்றார்கள். கன்னிமார் படையலுக்குக் கொண்டுவந்த தட்டுகளோடு. முன்னால் அருள்மொழி. இந்தப் பக்கம் இரண்டு வேன், ஹாரன். வேடியப்பன் இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டு நடுவில் திணறினான்.

வேனில் வந்த ஒருவன் அருள்மொழியைப் பார்த்து, "யம்மா, உன்ன பாக்க ஒண்ணும் வரல, தண்ணிய பாக்கத்தான் வந்தோம். உன்ன பாத்ததுக்கு பெட்ரோல் காசு திருப்பித் தருவியா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கையில் பூமாலை அம்மா கடை மீன்.

பூமாலை அம்மா அடுப்பை விட்டு வந்தார். சட்டுவத்தோடு வந்தார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "எம்பொண்ண இன்னாடா சொன்ன? துன்னத வச்சிட்டு சொல்லு."

அவன் உண்மையிலேயே வைத்துவிட்டான்.

அப்புறம் அவர் குனிந்து, சேலைக்கு அந்தப் பக்கம் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மகளைத் திட்டிக்கொண்டேதான் நின்றார். "சொல்லிட்டுச் செய்யக் கூடாதாடி, எண்ண சூடேறிக் கெடக்குது." வேன்கள் திரும்பின.

ஒரு ஓரத்தில் போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அய்யப்பன்! அவரை யார் கூப்பிட்டது?

"நான்தாண்ணா," என்றாள் அருள்மொழி. "பேப்பர்ல வந்தாத்தான நம்புவீங்க?"

5 ஆகஸ்ட்

வந்துவிட்டது. அரைப் பக்கம், படத்தோடு. "தலைமுறை தலைமுறையாக ஆண்கள் இறங்காத கன்னிமார் மடு: சுற்றுலாப் பயணிகளைத் தடுத்துப் பெண்கள் போராட்டம்." இந்த முறை அய்யப்பன் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். நாலு பெண்களின் பெயரும் அவர்கள் சொன்னதும் இருக்கிறது. குறை சொல்ல முடியாத சான்று.

வேடியப்பன் போன். "தலைமுறையாவா? டேய், நான் அங்கதான்டா நீச்சலே கத்துக்கினேன். இப்பகூட நீயும் நானும் உள்ள எறங்கினமே!"

ஆமாம். இறங்கினோம்.

அருள்மொழிக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், இதுவும் அந்த ஏழு பேர் மாதிரியா என்று.

கோபப்படவில்லை. "கன்னிமாரு மடுல ஆம்பளைங்க எறங்கக் கூடாதுன்னு எங்க அத்தைங்கல்லாம் எப்பவும் சொல்லிக்கினுதாண்ணா இருப்பாங்க. நீங்க யாராவது கேட்டீங்களா?"

இது உண்மையா, இப்போது உண்டானதா? பெண்கள் எப்போதும் சொன்னதும், ஆண்கள் எப்போதும் இறங்கியதும் இரண்டுமே நடந்திருக்கலாம். அப்படியானால் வழக்கம் என்பது எது? சொன்னதா, செய்ததா?

அன்றைக்கு அவள் வாளியோடு திரும்பிப் போனாளே. நான் பார்த்தேனே. பார்த்தும் ஒன்றும் கேட்காமல், கழுத்தளவு தண்ணீரில் நின்று சுழல் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன்.

9 ஆகஸ்ட்

பல தடவை எழுதி அழித்து, கடைசியில் சேர்த்தது இது: "கரையில் கன்னிமார் கற்கள் உள்ளன. இம்மடுவில் ஆண்கள் இறங்கக் கூடாது என்பது தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம் என்று ஊர்ப் பெண்கள் கூறுகின்றனர்." மேற்கோள் எண் போட்டேன்.

பெண்கள் கூறுகின்றனர். கூறத்தான் செய்கிறார்கள். என் காதால் கேட்டேன். அது சான்று ஆகாது, பேப்பரில் வந்ததுதான் சான்று. சரி. எல்லாம் விதிப்படி இருக்கிறது. நான் அங்கே இறங்கிக் குளித்தது மட்டும் எதிலும் இல்லை.

"சேமி" பொத்தானை அழுத்தினேன்.

10 ஆகஸ்ட்

மணிமொழி: "சான்று சரிபார்க்கப்பட்டது. நன்றி." இந்த நன்றி எரியவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

கூடலம்பட்டில் ஒரு பம்ப் கன்ட்ரோலர் மாற்றும் வேலை. பேனலிலும் தூசி. துணி எடுத்து நானே துடைத்துவிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. வேர்த்துக் கொட்டியது. துண்டை எடுத்துக்கொண்டு யோசிக்காமல் மடுப் பக்கம் இறங்கினேன்.

சேலைக்குப் பதில் இப்போது கயிறு. உள்ளே இருந்து பேச்சும் சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமும். அருள்மொழி கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஈரத் தலையோடு வாளியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொம்பளைங்க குளிக்கிறாங்கண்ணா. ஆம்பளைங்க கீழ."

"நான்..." என்று ஆரம்பித்தேன்.

"களஞ்சியத்துலயே போட்டிருக்குது. நீங்க பாக்கலியா?" முகத்தில் சிரிப்பே இல்லை.

கீழே ஓடை திரும்பும் இடத்தில் பூமாலை அம்மா கடையை மாற்றிப் போட்டிருக்கிறார். குடும்பங்கள் வருகின்றன, குழந்தைகள் ஓடையில் விளையாடுகின்றன. வேடியப்பன் மீனைத் திருப்பிக்கொண்டு, "உன்னையும் அனுப்பிட்டாளா? வா, குந்து" என்றான்.

ஓடையில் நீச்சல் அடிக்க ஆழம் பத்தாது. உட்கார்ந்து குளித்தேன்.